இன்றைக்கு எத்தனை பேர்?

காலை பத்து மணிக்கு முன்னால் தொலைபேசி எடுக்க வேண்டும். "மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் நாலு பேர்" என்று சொல்ல வேண்டும். மறுபக்கத்தில் அந்த அம்மா "நாலு" என்று திருப்பிச் சொல்வார். பென்சில் கடதாசியில் உரசும் சத்தம் கேட்கும். பிறகு, "சரி, பன்னிரண்டரைக்கு" என்பார். பேச்சு அதோடு முடிந்தது.

பிரான்சின் தெற்குப் பக்கம், அவேரோன் மாவட்டத்தின் வடக்கு மூலையில் ஓப்ராக் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. ஆயிரம் மீற்றருக்கு மேலே, மரம் குறைந்து, புல்லும் கருங்கல்லும் மாடுகளுமாக விரிந்து கிடக்கும் நிலம். அந்த மாடுகள் கோதுமை நிறம். கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு. அதன் சரிவில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு நானும் குடும்பமும் ஒன்பது வருடமாகப் போய்வருகிறோம். முன்னூறு பேர் வரை இருக்கிற ஊர். பெயரை எழுதவில்லை. அங்கே ஒரேயொரு சாப்பாட்டுக்கடைதான். ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த அம்மாவின் வீட்டு வாசலைக் காட்டியது போலாகிவிடும். அவரிடம் நான் கேட்கவும் இல்லை.

நான் பாரிஸில் பத்தொன்பது வருடமாகக் குசினியில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்லுவோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பிரான்சுக்கு வந்த முதல் கிழமை, இவர்களும் அதைக் 'குய்ஸீன்' என்று சொல்லக் கேட்டபோது, இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லாவது இருக்கிறதே என்று பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவன். என் முதலாளி ஓப்ராக்காரர்.

இது தற்செயல் இல்லை. பாரிஸின் பழைய கோப்பிக்கடைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மலைப்பக்கத்து ஆட்கள்தான் வருவார்கள். 19ஆம் நூற்றாண்டில் வறுமை தாங்காமல் அவேரோனிலிருந்தும் பக்கத்து ஓவெர்ஞ் பகுதியிலிருந்தும் பாரிஸுக்குப் போனவர்கள் மாடி மாடியாகத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் நிலக்கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு பக்கத்தில் மனைவி நின்று வைன் ஊற்றிக் கொடுத்தாள். அந்த ஒரு பக்கம்தான் வளர்ந்து கோப்பிக்கடையானது. அவர்களைப் 'பூஞா' என்று கேலியாகக் கூப்பிட்டார்களாம். 1882இல் பாரிஸில் தங்களுக்கென்று ஒரு பத்திரிகையே தொடங்கினார்கள். சேன் ஜெர்மேன் வீதியில் இருக்கும் புகழ்பெற்ற லிப் கடையை 1920இல் வாங்கிய மார்செலன் காஸ், ஓப்ராக்கின் லாகியோல் ஊர்க்காரர். முதலாளி இந்தக் கதைகளைச் சொல்லும்போது நான் கழுவிய கோப்பைகளை நினைத்துக்கொள்வேன். முதல் தலைமுறை சுமக்கும், இரண்டாம் தலைமுறை கடை திறக்கும் என்று அவர் சொல்வார். என் மகனைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஓகஸ்டில் எங்கள் கடை மூன்று கிழமை மூடும். முதலாளியின் தாயார் இறந்தபின் ஊர்வீடு சும்மா கிடந்தது. "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இரு. யன்னலைத் திறந்துவிட்டால் வீட்டுக்கும் நல்லது" என்று திறப்பைக் கையில் தந்தார். அப்படித்தான் முதல் தடவை போனோம். ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் இரவு ரயில் ஏறி, காலையில் ரொதேஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, சுற்றுப்பாதையில் இரண்டு தடவை வழிதவறி ஊருக்குள் வந்து சேர மணி 1.45. பிள்ளைகளுக்குப் பசி. சந்தியில் சாப்பாட்டுக்கடை திறந்திருந்தது, உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு மேசை வெறுமையாக இருந்தது. நாலு பேர் என்று விரலைக் காட்டினேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "முடிந்துவிட்டது, மெஸ்யூ" என்றார்.

பலசரக்குக் கடை மூன்றரை வரைக்கும் பூட்டு. காருக்குள் இருந்து பிஸ்கட் சாப்பிட்டோம். எனக்கு நெஞ்சு கொதித்தது. நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று நினைத்தேன். பாரிஸில் வாழ்கிறவனுக்கு அந்த எண்ணம் தூரத்தில் இருப்பதில்லை. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாரிஸ் இலக்கம் போட்ட ஒரு பெரிய கார் வந்து நின்றது. வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே போனார்கள். அரை நிமிடத்தில் அதே முகத்தோடு வெளியே வந்தார்கள்.

மாலையில் பக்கத்து வீட்டுக் கிழவி, "காலையில் தொலைபேசி எடுக்கவில்லையா?" என்று கேட்டார். அடுப்பைப் பற்ற வைத்தீர்களா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

எனக்கு அது விளங்க இன்னும் இரண்டு நாள் பிடித்தது. பிரெஞ்சு உணவகங்களில் ஆட்களைக் 'கூவேர்' என்று எண்ணுவோம். ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு ஆள். பாரிஸில் எங்கள் கடையில் இரவு எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணுவோம். "இன்றைக்கு 180 கூவேர்" என்றால் முதலாளியின் முகம் மலரும், 90 என்றால் வாடும். மிச்சம் குப்பைக்குப் போகும். எத்தனையோ இரவு என் கையால் கொட்டியிருக்கிறேன். இந்த ஊரில் சமைக்க முன்னால் எண்ணுகிறார்கள். ஊரில் என் அம்மா அரிசி அளக்கும் சுண்டை எடுத்து அரிசிப் பானைக்குள் விட முதல், முற்றத்தைப் பார்த்து, "இண்டைக்கு எத்தனை பேர்?" என்று கேட்பாரே, அதே கேள்வி. 26 பேர் என்றால் கடைக்கார அம்மா 26 பேருக்கும் தவறி வருகிற இரண்டு பேருக்கும் சமைப்பார். குசினியில் அவர் ஒருவர், பரிமாறக் கணவர், சனி ஞாயிறு கை கொடுக்க ஒரு பெறாமகள். 1.45க்கு அவர் முடிந்துவிட்டது என்று சொன்னால், சட்டியில் உண்மையாகவே முடிந்துவிட்டது.

உள்ளே போகிறவர் முழுக் கடைக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். "மெஸ்யூ-தாம், போன்ஜூர்." அறிமுகம் இருக்கிறதா என்பது கணக்கில்லை. சாப்பிட்டு எழும்பிப் போகிறவர்கள், இன்னும் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து நல்லபடி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் இரண்டு நாளும் என் மகள் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

உணவுப் பட்டியல் கிடையாது. கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதிய நாலு வரி. மேசையின் நடுவில் முதலில் ஒரு பெரிய பீங்கான் சட்டியில் சூப் வரும். பெரும்பாலும் கோவாவும் லீக்ஸும் கிழங்கும். ஆளுக்காள் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சலாட்டோ, உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையோ. பிறகு அன்றைய சமையல். அப்புறம் ஒரு பலகையில் மூன்று நாலு வகைச் சீஸ், அதற்குமேல் இனிப்பு. கடைசியாகப் போனபோது எல்லாம் சேர்த்து 17 யூரோ, கால் லீற்றர் வைன் உட்பட. பாணும் குழாய்த் தண்ணீரும் காசில்லை. இது இந்தக் கடையின் தயவு மட்டும் அல்ல, 1967ஆம் ஆண்டிலிருந்து சட்டமே அப்படித்தான். சேவைக் கட்டணமும் 1987இலிருந்து விலைக்குள்ளேயே அடக்கம். பில்லுக்கு மேலே பத்து வீதம் வைக்க வேண்டுமோ என்று யாரும் தடுமாற வேண்டியதில்லை. சில்லறை இருந்தால் வைப்பார்கள், இல்லாவிட்டால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சீஸ் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது யாருக்கும் தனித்தனியாக வெட்டி வருவதில்லை. முழுப் பலகையும் உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் வெட்டி எடுத்துவிட்டுப் பக்கத்து மேசைக்குக் கொடுப்பீர்கள். ஒருவரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனாலும் ஒருவரும் அதிகமாக எடுப்பதில்லை. முக்கோணத் துண்டின் மூக்கை மட்டும் நறுக்கி எடுப்பது பெரிய மரியாதைக் குறைவு, ஏனென்றால் நல்ல பகுதி அதுதான். பக்கவாட்டில் நீளமாக வெட்டினால் பின்னால் வருகிறவருக்கும் மூக்கிலிருந்து ஓரம் வரை கிடைக்கும். பாரிஸில் பத்து வருடம் சீஸ் தட்டு அடுக்கியவன் நான். இந்த நியாயத்தை எனக்கு விளக்கியவர் ஒரு டிராக்டர்காரர், வாயில் பாணோடு.

அவர் தன் கத்தியைத் தன் பொக்கற்றிலிருந்துதான் எடுப்பார். வயதானவர்கள் பலர் அப்படித்தான். மேசையில் கடையின் கத்தி இருக்கும், அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் மடக்குக் கத்தியை விரிப்பார்கள். லாகியோல் கத்தி உலகமெல்லாம் பெயர்பெற்றது. ஆனால் ஊர்ப் பெயரை அங்கே 'லயோல்' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தைப் பார்த்து வாசித்த என்னை முதலாளிதான் திருத்தினார். அதே டிராக்டர்காரர் சூப் முடியும் தறுவாயில், அடியில் கிடக்கிற சூப்போடு ஒரு மடக்குச் சிவப்பு வைனை ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பார். அதற்கு 'ஷப்ரோ' என்று பெயர். ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக் குடித்த எங்கள் தாத்தாவின் முகம் அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. ஓப்ராக் மாட்டிறைச்சி நாடு. பலகையில் எழுதியிருந்தது மாட்டிறைச்சிதான், வேறொன்றும் இல்லை. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. பாரிஸில் நான் அதைத் தினமும் சமைக்கிறேன், வாயில் வைத்ததில்லை. குசினி வாசலுக்குப் போய் மெதுவாகச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாலு பேருக்கும் முட்டை உடைத்து, சீஸ் உருக்கிப் போட்டு ஒரு ஒம்லெற் கொண்டுவந்தார். "அடுத்த முறை தொலைபேசியிலேயே சொல்லுங்கள்" என்றார். அதற்குப் பிறகு நான் அழைத்தால் அவரே சொல்லிவிடுவார்: "செவ்வாய் மாடு. புதன் வாருங்கள், கோழி."

வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பயம். மனைவி வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடமாட்டாள். முட்டையும் மச்சக் கணக்குத்தான். இதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வது என்று இரவே யோசித்து வைத்திருந்தேன். சமயம், விரதம், அம்மன் என்று நான் தொடங்க, அவர் கையை உயர்த்தினார். "வெள்ளிக்கிழமை. ஓம், ஓம். என் பாட்டியும் இறைச்சி தொடமாட்டார்." கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பது பழைய வழக்கம், அதற்கென்று 'மெலிந்த சாப்பாடு' என்று பொருள்படும் ஒரு சொல்லே பிரெஞ்சில் இருக்கிறது. இப்போது கடைப்பிடிப்பவர்கள் குறைவு, ஆனாலும் பல பள்ளிக்கூடங்களிலும் கடைகளிலும் வெள்ளி என்றால் இன்னும் மீன்தான். பாரிஸில் என் மனைவியின் வெள்ளிக்கிழமையை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அந்த மலையில் ஒரு சொல்லில் முடிந்தது.

அன்றைக்கு மற்றவர்களுக்குக் கருவாடு. கடலுக்கு இவ்வளவு தூரத்தில் கருவாடா என்று பிள்ளைகள் வியந்தார்கள். நோர்வேப் பக்கத்தில் காற்றில் உலர்த்திய கொட் மீன். பழைய காலத்தில் போர்தோவிலிருந்து லோத் ஆற்று வழியாகப் படகுகளில் மேலே வந்ததாம். ஊறவைத்து, கிழங்கோடு பிசைந்து, முட்டையும் சூடான வால்நட் எண்ணெயும் சேர்ப்பார்கள். எஸ்தோஃபினாதோ என்று பெயர். வாசனையை வைத்தே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. மனைவிக்கு அலிகோ வந்தது.

அலிகோவுக்காகவே ஒருவர் இந்த மலை ஏறலாம். மாப்பிடிப்பான கிழங்கை அவித்து மசித்து, வெண்ணெயும் கிறீமும் இடித்த உள்ளியும் சேர்த்து, அதற்குள் 'தோம்' என்கிற பச்சைச் சீஸை மெல்லிய பட்டையாக வெட்டிப் போடுவார்கள். ஒரு கிலோ கிழங்குக்கு 400 கிராம் அளவில். தோம் உப்பில்லாதது, முதிராதது. லாகியோல் சீஸாக மாறுவதற்கு முந்திய நிலை. பிறகு நீண்ட மர அகப்பையால் அடிபிடிக்க விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் மசியல் திடீரென்று குணம் மாறும். மினுமினுத்து, அகப்பையைத் தூக்கினால் துணி போல நீண்டு வரும். அந்த நிமிடத்தில் தட்டுக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் வைத்தால் இறுகும், திரும்பச் சூடாக்கினால் எண்ணெய் பிரியும். பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைதான் என்று அந்த அம்மா ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகு திருத்தலத்தை நோக்கி நடந்து போகும் யாத்திரிகர்களுக்கு ஓப்ராக் மடத்துத் துறவிகள் பாணையும் தோமையும் சேர்த்து உருக்கிக் கொடுத்ததிலிருந்துதான் இது வந்தது, கிழங்கு பிறகு பாணின் இடத்தைப் பிடித்தது என்று சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் எழும்பிய மடம் அது. பனியிலும் மூடுபனியிலும் வழிதவறியவர்களுக்காக அங்கே இரவில் மணி அடித்துக்கொண்டே இருப்பார்களாம். இன்றைக்கும் முதுகுப் பையோடு யாத்திரிகர்கள் அந்த வழியால் நடக்கிறார்கள். மேலே புல்வெளிகளில் கல்லால் கட்டிய 'புரோன்' குடில்கள் நிற்கின்றன. கோடையில் மாடுகளோடு ஆட்கள் அங்கே தங்கிச் சீஸ் செய்தார்கள். இப்போது சில புரோன்களில் சாப்பாடு போடுகிறார்கள். ஒருநாள் போனோம். நீண்ட மேசை, தெரியாத ஆட்களோடு நெருக்கி இருந்து சாப்பிட வேண்டும், பரிமாறுகிறவர் அலிகோவைத் தலைக்கு மேலே இழுத்துக் காட்டினார், எல்லோரும் கைத்தட்டினார்கள். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனம் கீழே இருக்கும் கடைக்குத்தான் போனது. அங்கே யாரும் அலிகோவை இழுத்துக் காட்டுவதில்லை.

ஓகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு நாள், ஊர்த் திருவிழா. சந்தியில் பெரிய கொப்பரை வைத்து ஊருக்கே அலிகோ கிண்டினார்கள். ஆள் மாறி ஆள் கிண்ட வேண்டும், அவ்வளவு பாரம். நானும் போய் அகப்பையைப் பிடித்தேன். ஊரில் கோயில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சாம்பாறு துழாவிய கை இது. கால் மணித்தியாலம் விடாமல் கிண்டினேன். டிராக்டர்காரர் என் கையைப் பார்த்து, "நீ குசினிக்காரன்" என்றார். அதுவரை அவர் என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்லிவந்தார்.

இதையெல்லாம் எழுத வைத்தது ஒரு கவலை. எட்டுக் கிலோமீற்றர் தள்ளி இருக்கும் ஊரிலும் இப்படி ஒரு கடை இருந்தது. நாங்கள் மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறோம். நடத்தியவருக்கு 67 வயது. விற்கப் பார்த்தார், வாங்க ஆள் வரவில்லை. ஒரு டிசெம்பரில் பூட்டிவிட்டார். இப்போது அந்தச் சந்தியில் பீட்ஸா விற்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அட்டையைக் காட்டினால் மூன்று நிமிடத்தில் சூடாக வரும். எந்த நேரத்திலும் வரும், எத்தனை பேர் என்று கேட்காது. 1960 அளவில் பிரான்சில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோப்பிக்கடைகள் இருந்தன. இன்றைக்கு நாற்பதாயிரத்துக்கும் குறைவு. அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2019 கடைசியில் வந்த சட்டம், 3500 பேருக்குக் குறைவான ஊர்களில் புதிதாக மதுபான உரிமம் எடுக்க வழி திறந்தது. அதே ஆண்டில் சின்ன ஊர்களில் ஆயிரம் கோப்பிக்கடைகள் திறக்கும் திட்டம் ஒன்றை ஒரு சமூக சேவை அமைப்பும் தொடங்கியது. நல்ல முயற்சிகள். ஆனால் உரிமம் சமைக்காது. அதிகாலை ஆறு மணிக்கு எழும்பி 26 பேருக்குக் கிழங்கு உரிக்க ஒருவர் வேண்டும், சனங்களும் தொலைபேசி எடுக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் விருந்துண்ணும் முறையை 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கலியாணம், பிறந்தநாள் என்று கூடிச் சாப்பிடுவதைச் சொல்கிறார்கள். அது தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம்: தபால்காரி, வீட்டுக்கு வீடு போய் ஊசி போடும் தாதி, கூரை வேலைக்காரர் இருவர், மனைவி இறந்தபின் தினமும் தனியாக வந்து அதே யன்னலோரம் இருக்கும் ஒரு கிழவர். ஒருநாள் அவர் பன்னிரண்டே முக்காலாகியும் வரவில்லை. அந்த அம்மா கணவரின் தோளைத் தொட்டார். கணவர் ஏப்ரனைக் கழற்றாமலே வீதியைக் கடந்து போனார். கிழவருக்குச் சளிக்காய்ச்சல். சூப் ஒரு மூடிச் சட்டியில் அவர் வீட்டுக்குப் போனது. எங்கள் மேசைக்கு இறைச்சி கொஞ்சம் பிந்தி வந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பெப்ரவரியில் பள்ளி விடுமுறைக்குப் போனோம். முழங்கால் அளவு பனி. கோடையில் வருகிற எவரும் இல்லை, ஊர்ச் சனம் மட்டும். காலை ஒன்பதரைக்கு அழைத்தேன். என் குரல் கேட்டதும், "நாலுதானே?" என்றார்.

"இல்லை மதாம், மூன்று. மகள் லியோனில் படிக்கிறாள். இந்த முறை வரவில்லை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மூன்று" என்றார் பிறகு. பென்சில் உரசியது. "போகும்போது தோம் ஒரு துண்டு சுற்றித் தருகிறேன். கிழங்கு மாவாக இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லுங்கள். லியோனில் தருகிற கிழங்கு சரிவராது."